மூன்று நொடித் தாமதம்: ஒரு புல்வெட்டியும் ஒரு தூண்டில் ரீலும்

பின்னணி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வர்த்தில், என் வீட்டுக் கராஜில் சின்ன இன்ஜின்களையும் தூண்டில் ரீல்களையும் பழுது பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வள்ளத்து இன்ஜினில் கை பழகியவன். இங்கே வருகிறவர்களில் பலர் இரண்டையும் வைத்திருப்பவர்கள். வாரத்தில் ஐந்து நாள் வீடு வீடாகப் புல் வெட்டுவார்கள், மிச்ச நேரம் கடற்கரையில் தூண்டிலோடு நிற்பார்கள்.

இந்தக் கரையின் பருவத்தைத் தெரிந்துகொண்டால் இங்குள்ள பழுதுகளில் பாதி புரிந்துவிடும். மழை அக்டோபர் வாக்கில் பிடித்து மார்ச் வரை பெய்யும். புல் அப்போதுதான் எழும்பும். ஜூன், ஜூலையில் மழை இருக்காது, புல் காய்ந்து கிடக்கும். அதே மாதங்களில்தான் சார்டின் மீன் கூட்டம் தெற்கிலிருந்து கரையோரமாக ஏறி வரும், அதைத் துரத்திக்கொண்டு ஷாட் மீன் வரும். கேப் பக்கம் இதே மீனை எல்ஃப் என்பார்கள். ஷாட் பிடிக்க அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தடை. ஆக, புல்வெட்டி ஓடும்போது ரீல் தூங்குகிறது, ரீல் ஓடும்போது புல்வெட்டி தூங்குகிறது. ஓடித் தேய்ந்ததைவிடத் தூங்கிக் கெட்டதுதான் என் மேசைக்கு அதிகம் வருகிறது.

இங்கே எழுதுவது ஒரு பெரியவரின் இரண்டு கருவிகளைப் பற்றி. அறுபது வயதைத் தாண்டியவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அது மூடிய பிறகு கைக்கு வந்த பணத்தில் ஒரு நல்ல புல்வெட்டி வாங்கித் தொழிலாக்கிக்கொண்டவர். தாத்தா காலத்தில் கரைவலை இழுத்த குடும்பம். அவருக்குத் தெரிந்த தமிழ் பாட்டியிடம் கேட்ட தமிழ். நடுநடுவே இங்கிலீஷில் போய்விட்டுத் திரும்பி வருவார். என்னைத் தம்பி என்பார். நான் இந்த ஊர் வழக்கப்படி அங்கிள் என்பேன்.

முதல் வருகை: அக்டோபர் நடுவில்

முதல் மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. தோளில் மாட்டும் நீளத் தண்டுப் புல்வெட்டியைக் கொண்டுவந்தார். இங்கே அதை வீட்-ஈட்டர் என்பார்கள். சுழலும் தலையில் நைலான் நரம்பைச் சுற்றிப் புல்லை வெட்டும். சுமார் 40 சிசி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக், எட்டு வருடம் ஓடியது. சோக் போட்டால் பிடிக்கிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது என்றார். மே மாதக் கடைசியில் கராஜில் மாட்டியதை அன்று காலைதான் இறக்கியிருக்கிறார்.

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. மே மாதத்துப் பெட்ரோல் பாதி டேங்க் இருந்தது. ஃபில்டர் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. கார்புரேட்டரைப் பிரித்தால், பெட்ரோலை உள்ளே இழுத்துவிடும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் அப்பளம்போல் விறைத்து நின்றது. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது. நல்ல டயாஃப்ரம் துணிபோல் தொங்க வேண்டும்.

காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பெட்ரோலின் லேசான பகுதி சில மாதங்களில் ஆவியாகிப் போகும், மிச்சம் பிசினாகும், பிசின் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். வருடத்துக்கு நாற்பது ஐம்பது தடவை பார்க்கிற கதை இது. டயாஃப்ரம் கிட், ஃபில்டர், பெட்ரோல் குழாய், புது பிளக் மாற்றினேன். லிட்டருக்கு 20 மில்லி ஆயில், அதாவது 50க்கு 1, புதுக் கலவை ஊற்றினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. முழு வேகத்துக்கு ஏறியது.

ஒன்று மட்டும் சரியில்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகு வேகம் உடனே இறங்கவில்லை. இரண்டு, மூன்று நொடி அப்படியே தொங்கிக்கொண்டிருந்து, அப்புறம்தான் ஐட்லிங்குக்கு வந்தது. நான் அதைக் கேட்டேன். கார்புரேட்டரில் குறைவேகத் திருகாணியைக் கால் சுற்றுத் திறந்து கொஞ்சம் பெட்ரோல் கூட்டினேன். தாமதம் மறைந்தது. சரி என்று கொடுத்தனுப்பிவிட்டேன்.

இந்த நிகழ்வில் முக்கியமான தவறு இங்கேதான் நடந்தது. வேகம் தொங்கி நிற்பது, உள்ளே கணக்கில் வராத காற்று போகிறது என்பதற்குப் பாடப்புத்தக அறிகுறி. எனக்கு அது தெரியும். கெட்ட பெட்ரோல் என்ற விடை முன்னாலேயே கிடைத்துவிட்டதால் இன்னொரு கேள்வியை நான் கேட்கவில்லை. திருகாணியைத் திருப்பி அறிகுறியை மறைத்தேன். காரணம் உள்ளேயே இருந்தது.

இரண்டாவது வருகை: இன்ஜின் பிடித்துக்கொண்டது

ஒன்பது வேலை நாள் ஓடியது. பத்தாவது நாள் நண்பகலில், சரிவான ஒரு மனையில் இடுப்புயரக் கிகுயு புல்லை வெட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று கூர்மையாகி, அப்படியே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. மாலையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. "என்ன தம்பி, நான் ஏதும் தப்பா செஞ்சேனா?" என்றுதான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சைலன்சரைக் கழற்றி, புகை போகும் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் அந்தப் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரிந்திருந்தது. எதிர்ப்பக்கம், கார்புரேட்டர் பக்கம், பிஸ்டன் பளபளவென்று நன்றாக இருந்தது. கலவையில் ஆயிலே இல்லாமல் ஓடியிருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் உரிந்திருக்கும். புகை வாய்ப் பக்கம்தான் இன்ஜினில் அதிகம் சுடும் பக்கம். அங்கே மட்டும் உரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் குறைவான கலவை. பிளக்கின் பீங்கான் காபி நிறத்தில் இருக்க வேண்டியது வெள்ளையாக இருந்தது.

மேல்மூடியைக் கழற்றினேன். முதல் தடவையே கழற்றியிருக்க வேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே புல்தூள் களிமண்போல் அடைத்திருந்தது, காற்றுப் போக வழியில்லை. இன்ஜின் தண்டின் முனையில் சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் இருந்த தூசி மட்டும் ஈரமாக, கறுப்பாக, எண்ணெய் பிசுபிசுப்போடு இருந்தது. உலர்ந்திருக்க வேண்டிய இடம் அது.

அடுத்து கசிவுச் சோதனை. சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, கைப்பம்பால் உள்ளே அரை பார் அழுத்தம் ஏற்றினேன். அழுத்தமானியின் முள் நின்றது, ஒரு நிமிடம் அசையவில்லை. சோப்புத் தண்ணீர் தடவியும் குமிழி வரவில்லை. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். பம்பை மாற்றி, அதே அளவுக்கு உள்ளிருந்து காற்றை உறிஞ்சினேன். முள் ஐந்தாறு நொடியில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

காரணம் ஆயில் சீலின் அமைப்பு. இன்ஜின் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம் அது. அதன் உதடு உள்ளே பார்த்திருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் உதடு தண்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சினால் விலகும். ஓடுகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்துகிறது, உறிஞ்சவும் செய்கிறது. ஒன்றை மட்டும் சோதித்தால் பாதிதான் தெரியும்.

எந்தப் பக்கத்துச் சீல் என்று பார்க்க, கிளட்ச் பக்கத்துச் சீலைச் சுற்றிக் கெட்டி கிரீஸ் அப்பி உறிஞ்சினேன். முள் மறுபடி விழுந்தது. ஃப்ளைவீலைக் கழற்றி அந்தப் பக்கம் அப்பினேன். முள் நின்றது. பிடுங்கியெடுத்த சீலின் உதடு நகம்போல் விறைத்திருந்தது, மடக்கினால் வெடித்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். வெட்டும் தலையில் இருந்தது புல்வெட்டி நரம்பே இல்லை. சுறாவுக்குக் கட்டும் 1.2 மில்லிமீட்டர் தங்கூசி, தூண்டிலில் மிச்சமானது. "சும்மா கிடந்தது தம்பி, வீணாக்குவானேன்னு சுத்தினேன்" என்றார். இந்த அளவு இன்ஜினுக்கு 2.4 முதல் 3 மில்லிமீட்டர் நரம்பு வேண்டும். மெல்லிய நரம்பு இன்ஜினுக்குச் சுமையே கொடுக்காது, அதனால் வேகம் எல்லை தாண்டும். சரியாக வெட்டாததால் அவர் இன்னும் ஆக்சிலேட்டர் கொடுத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்: சீல் வழியாகக் கூடுதல் காற்று நுழைந்தது, கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதனால் பெட்ரோலின் பங்கு குறைந்தது. இந்த இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது, ஆக அதுவும் குறைந்தது. நான் திறந்த திருகாணி ஐட்லிங்கில்தான் உதவும். முழு வேகத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. அதற்கு மேல் சுமையில்லாத வேகம், வெளியே அடைபட்ட தகடுகள், நண்பகல் வெயில். பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் உரசியது. என் கணிப்பில் சீல்தான் முதல் காரணம், மற்றவை அதைச் சீக்கிரம் முடித்துவைத்தன.

எடுத்த முடிவுகள்

முதலில் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "தப்பு என் பக்கம் அங்கிள். சத்தத்துல அறிகுறி இருந்துச்சு, நான் விட்டுட்டேன்." உதிரிபாகச் செலவு என்னுடையது என்றும் சொன்னேன். மலிவாக ஒரு புது மெஷின் வாங்கிவிடலாமா என்று அவருக்கு யோசனை இருந்தது. வேண்டாம் என்றேன். அவருடைய மெஷினுக்குப் பிஸ்டன், சீல் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கிறது. மலிவு மெஷின்களுக்கு இரண்டு வருடம் கழித்துக் கார்புரேட்டர் கேஸ்கெட் தேடியே அலைய வேண்டியிருக்கும். வேலை நிற்காமல் இருக்க என்னிடமிருந்த பழைய மெஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

சிலிண்டரை மாற்றுவதா, காப்பாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. உள்சுவரில் ஒட்டியிருந்தது பிஸ்டனின் அலுமினியம். அடியிலுள்ள கெட்டி முலாம் உரியாமல் இருந்தால் ஒட்டியதை மட்டும் எடுத்துவிடலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நகத்தால் தடவினேன். முலாம் எங்கும் உடையவில்லை. நீச்சல் குளத்துக்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் தடவினேன். வெட்டவெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. அலுமினியம் இருக்கும்வரை சுர்ரென்று நுரைக்கும். நுரை அடங்கினால் அலுமினியம் தீர்ந்தது என்று அர்த்தம். உடனே தண்ணீர், அப்புறம் சோடா உப்புக் கரைசல், மறுபடி தண்ணீர், கடைசியில் ஆயில். முலாம் உடைந்த சிலிண்டரில் இதைச் செய்யவே கூடாது. அடியிலுள்ள அலுமினியத்தையும் அமிலம் தின்றுவிடும்.

புதுப் பிஸ்டன், ரிங், இரண்டு பக்கமும் புதுச் சீல். பூட்டிய பிறகு அழுத்தியும் உறிஞ்சியும் சோதித்தேன், இரண்டிலும் முள் நின்றது. 2.7 மில்லிமீட்டர் நரம்பைச் சுற்றி, வேகமானி வைத்துக் கார்புரேட்டரைச் சரிசெய்தேன். ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் கல் விழுவதுபோல் இறங்கியது.

ஆயில் அளவை அவர் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு நாலு கோப்பை. கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

ரீல்: நவம்பர்

புல்வெட்டியை வாங்க வந்த அன்று, "குளிர்காலம் முழுக்க இசிப்பிங்கோக் கரையிலதானே நின்னீங்க, ரீல் எங்கே?" என்று கேட்டேன். தடை முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர் கேட்காத வேலைதான். ஆனால் புல்வெட்டி ஐந்து மாதம் தூங்கிக் கெட்டதைப் பார்த்தபின், ரீல் எப்படித் தூங்குகிறது என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை. மறுநாள் கொண்டுவந்தார்.

நட்சத்திரச் சக்கரத்தால் டிராக் இறுக்கும் மல்டிப்ளையர் ரீல். மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறாமல் வழுக்கிக் கொடுக்கும் பிடிதான் டிராக். டிராக் முழுக்க இறுக்கியபடியே செப்டம்பர் கடைசியிலிருந்து ஆணியில் தொங்கியிருக்கிறது. "ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் வச்சேன்" என்றார். உண்மைதான். கார் கழுவும் ஹோஸில் வேகமாகப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார். அந்த வேகம் வெளியே படிந்த உப்பைக் கரைத்து மூடியின் இடுக்கு வழியாக உள்ளே தள்ளியிருக்கிறது.

ரீலை மேசைப் பிடியில் மாட்டி, தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்தேன். 15 கிலோ நரம்புக்கு டிராக் நாலு, ஐந்து கிலோவில் சீராக வழுக்கிக் கொடுக்க வேண்டும். முள் ஏழுவரை ஏறி நின்று, வெடுக்கென்று மூன்றுக்கு விழுந்து, மறுபடி ஏழுக்கு ஏறியது. குளிர்காலத்தில் நல்ல மீன் நாலைந்து நரம்பறுத்துப் போனதாக அவர் சொன்னதற்குக் காரணம் இந்த வெடுக்குதான்.

பக்கத் தகட்டுத் திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகு, உடம்பு அலுமினியம். இந்த இரண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன், மறுநாள் சால்டரிங் அயர்ன் நுனியால் திருகாணித் தலையைச் சூடாக்கினேன். நாலு வந்தன. ஐந்தாவது தலை அறுந்தது. அதைத் துளைத்தெடுக்க அரை நாள் ஆனது.

உள்ளே டிராக் வாஷர்கள் நசுங்கிக் கண்ணாடிபோல் மினுங்கின. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் ஒரு பேரிங் சுற்றவே இல்லை. பின்பக்கம் திரும்பாமல் தடுக்கும் உருளைப் பேரிங்கில் யாரோ கெட்டி கிரீஸை அடைத்திருந்தார்கள். மருமகன் நல்ல மனதோடு செய்தது. அந்த உருளைகள் சின்ன ஸ்பிரிங் தள்ளி உடனே பிடிக்க வேண்டியவை. கெட்டி கிரீஸில் அவை நீந்தும், பிடிக்காது. கைப்பிடி சில சமயம் பின்னோக்கிச் சுற்றியது அதனால்தான். கழுவிக் காயவைத்து லேசான எண்ணெய் ஒரே சொட்டு விட்டேன். டிராக்குக்குக் கார்பன் நார் வாஷர்கள், மெல்லிசாக டிராக் கிரீஸ் பூசி. பேரிங் இரண்டும் புதிது.

நரம்பு முழுவதையும் உருவிய பிறகு தெரிந்ததுதான் பெரிய சேதம். ஸ்பூலின் அடியில் அலுமினியம் அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக அரித்திருந்தது. உப்பு ஊறிய நரம்பு மாதக்கணக்கில் அதை அணைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த மாடலுக்கு ஸ்பூல் இப்போது வருவதில்லை. வெள்ளைப் பொடியைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, மெல்லிய மெழுகு பூசி, அதன்மேல் டேப் சுற்றிப் புது நரம்பு ஏற்றினேன்.

திரும்பக் கொடுக்கும் முன் தராசில் மறுபடி இழுத்தேன். நாலரைக் கிலோவில் முள் நடுங்காமல் நின்றது. இப்படி இழுத்துப் பார்க்காமல் ஒரு ரீலையும் நான் கொடுத்ததில்லை. அதே பழக்கம் புல்வெட்டியில் எனக்கு இல்லாமல் போனது ஏன் என்று அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். இன்ஜின் சத்தத்தைக் காதால் எடைபோட்டுவிடலாம் என்ற நம்பிக்கை, இத்தனை வருடத்தில் வந்தது.

பிறகு நடந்தது

தடை முடிந்த டிசம்பர் முதல் வாரத்தில் அவர் நாலு ஷாட் பிடித்தார். சட்டப்படி ஒருவர் ஒரு நாளில் பிடிக்கலாம் என்ற அளவு அவ்வளவுதான். ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். என் மனைவி புளி கரைத்துக் குழம்பு வைத்தாள்.

ரீலை இப்போது முதலில் டிராக்கை இறுக்கிவிட்டு, குழாயில் மெல்ல விழும் தண்ணீரில் காட்டி, உதறி, நிழலில் காயவைத்து, அப்புறம் டிராக்கைத் தளர்த்தி வைக்கிறார். கழுவும்போது இறுக்கம், வைக்கும்போது தளர்ச்சி. முதலில் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார்; கராஜ் சுவரில் எழுதி ஒட்டியபின் சரியானது.

மே மாதக் கடைசியில் புல்வெட்டி டேங்கை அவரே காலி செய்து, இன்ஜினை அணையும்வரை ஓடவிட்டு, மேல்மூடியைக் கழற்றிப் பிரஷ் போட்டு, வீட்டில் மாட்டினார்.

என் வேலையில் மாற்றியவை

பெட்ரோல் கெட்டு வரும் டூ ஸ்ட்ரோக் எதுவானாலும் கார்புரேட்டரைத் தொடும் முன் மேல்மூடியைக் கழற்றி ஃப்ளைவீல் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியதென்றால் அழுத்தியும் உறிஞ்சியும் சோதிக்கிறேன். இருபது நிமிடக் கூடுதல் வேலை, அதற்குத் தனிக் கூலி கேட்பதில்லை. வெட்டும் தலையில் என்ன நரம்பு என்று பார்க்கிறேன். பத்து நிமிடம் சுமையில் ஓட்டிப் பிளக்கின் நிறத்தைப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். வேகம் தொங்கினால் திருகாணிப் பக்கம் கை போவதில்லை.

மழை பிடித்த அடுத்த அக்டோபரில் அவர் புல்வெட்டியை மறுபடி கொண்டுவந்தார், பழுதுக்காக அல்ல, பார்த்துத் தர. புதுக் கலவை ஊற்றி நாலாவது இழுப்பில் பிடித்தது. சூடான பிறகு முழு ஆக்சிலேட்டர் கொடுத்து விட்டேன், தாமதமில்லாமல் இறங்கியது. உறிஞ்சும் சோதனையிலும் முள் நின்றது. ரீலின் டிராக் நன்றாக இருக்கிறது. ஸ்பூலில் மட்டும் டேப்பின் ஓரமாக வெள்ளைப் பொடி லேசாக மறுபடி தலைகாட்டியிருக்கிறது. டிசம்பருக்குள் நரம்பை உருவி ஒரு தடவை பார்த்தாக வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன்.